ரவையளவு முகங்கள்

திங்கட்கிழமை வேலைக்குச் சேரப்போகிற என் மகனுக்கு,

நேற்று சாப்பிடும்போது நீ கேட்டாய், "அந்த ஜப்பான் கேமராவ பெங்களூரு ஆளு ரெண்டு தடவ வந்து கேட்டும் ஏன்ப்பா குடுக்கல?" என்று. நான் ரசச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். உன் அம்மா என்னைப் பார்த்தாள். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. ஒளிக்க வேண்டிய விஷயம் ஒன்றும் இல்லை. வாயால் சொன்னால் பாதியில் நின்றுவிடுவேன் என்ற பயம்தான். உனக்குத் தமிழைவிடக் கன்னடம்தான் சரளமாக வரும், தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்பது தெரியும். பரவாயில்லை, மெதுவாகப் படி. நீ கட்டடக் கம்பெனியில் சைட் இன்ஜினியராகப் போவதால் இதை நான் சொல்லியே ஆக வேண்டியிருக்கிறது. உன்னோடு சேருகிற மற்றப் பிள்ளைகளிடம் இதைக் காட்டினாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. என் தப்பும் இதில் இருக்கிறது. அதையும் சேர்த்தே காட்டு.

தேவராஜ மொஹல்லாவில் அரிசி மண்டிக்கு மேல் மாடியில் நம் ஸ்டூடியோ இருந்த காலத்தில் எனக்குப் பெயர் வாங்கித் தந்தது குரூப் போட்டோதான். கல்லூரி, தொழிற்சாலை, பணி ஓய்வு விழா என்று எங்கே நாற்பது ஐம்பது பேர் வரிசையாக நிற்க வேண்டுமோ அங்கே என்னைக் கூப்பிடுவார்கள். என்னிடம் இருந்தவையோ இரண்டு பழைய இரட்டைக் கண் கேமராக்கள். நடுவில் உட்கார்ந்திருக்கிறவர்கள் நன்றாக விழுவார்கள். வரிசையின் இரண்டு ஓரத்திலும் நிற்பவர்கள் எப்போதும் கொஞ்சம் கலங்கியே வருவார்கள். நடுவில் உட்காருகிறவர் யார், ஓரத்தில் நிற்கிறவர் யார் என்பது உனக்குத் தெரியும். பிரின்சிபாலும் முதலாளியும் ஒருநாளும் கலங்கியதில்லை. பியூன் கலங்குவார், காவல்காரர் கலங்குவார். ஓரத்தில் நின்றவர்கள் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, ஆடிவிட்டோம் போலிருக்கிறது என்று தங்களையே குறை சொல்லிக்கொள்வார்கள். லென்ஸின் குறை என்று நான் யாரிடமும் சொன்னதில்லை.

சரஸ்வதிபுரத்தில் ஓய்வு பெற்ற ஒரு அம்மா இருந்தார். பாறைகளையும் கனிமங்களையும் ஆராய்கிற வேலை பார்த்தவர். மலை மலையாக ஏறி, பாறைகளைப் படம் எடுத்தவர். கை நடுங்க ஆரம்பித்ததும் கேமராவை விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். அவர் எடுத்து வைத்ததைப் பார்த்ததும் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. நீ கேட்ட ஜப்பான் கேமரா அதுதான். பெரிய டிபன் டப்பா மாதிரி ஒரு கறுப்புப் பெட்டி, முன்னால் ஒரு லென்ஸ், மேலே சின்ன ஜன்னல். அந்த அம்மா கன்னடம் கலந்த தமிழில், "லென்ஸ் இது ஒண்ணுதான், கழட்டி மாத்த ஆகாது. வெளிச்சம் அளக்கற மீட்டரும் இல்ல. ஒரு ரோல்ல எட்டே படம். எல்லாம் மொதல்லயே சொல்லிட்டேன், ஆமேலே, அப்புறமா வந்து என்னைக் கேக்கக் கூடாது" என்றார். பிறகு ஒரு நெகட்டிவையும் பூதக்கண்ணாடியையும் கையில் கொடுத்து ஜன்னல் பக்கம் போய்ப் பார்க்கச் சொன்னார்.

பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஒரு பாறைச் சுவர். எதிர்மலையிலிருந்து எடுத்த படம். அதில் வெடிப்புகள் நூல் நூலாகத் தெரிந்தன. மேல் மூலையில், விளிம்புக்கு மிக அருகில், ஒரு புள்ளி. கண்ணாடியை அங்கே நகர்த்தினேன். அது ஒரு ஆடு. நாலு கால், கொம்பு, கீழே விழுந்த நிழல் எல்லாம் இருந்தன. "எடுக்கறப்போ அங்க ஆடு இருந்ததே எனக்குத் தெரியாது. பிரிண்ட் போட்டப்புறம்தான் பார்த்தேன்" என்றார் அந்த அம்மா. எனக்கு அப்போது நாற்பது வயது தாண்டியிருந்தது. இருபது வருஷமாக இதே தொழில். ஒரு லென்ஸின் மூலை அப்படி இருக்க முடியும் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது.

அவர் விளக்கியதை உனக்கும் சொல்கிறேன். இப்போது நீங்கள் வைத்திருக்கிற கேமராக்களில் லென்ஸுக்கும் பிலிமுக்கும் நடுவில் முகம் பார்க்கும் கண்ணாடி போன்ற ஒன்று மேலே எழும்பி விழுந்துகொண்டிருக்கும். அதற்கு இடம் விட்டு லென்ஸ் தள்ளி நிற்க வேண்டும். இந்த வகைக் கேமராவில் அது கிடையாது. நாம் பார்ப்பது கேமராவின் மேலே இருக்கிற சின்ன ஜன்னல் வழியாக. ஜன்னலின் நடுவில் மஞ்சளாக ஒரு கட்டம், அதற்குள் எதிரில் இருப்பதே இரண்டாகத் தெரியும். வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டும் நெருங்கி ஒன்றாகிவிடும். ஒன்றானால் தூரம் சரி. லென்ஸ் பிலிமுக்குப் பக்கத்திலேயே நிம்மதியாக உட்கார்ந்துகொள்ளும். அதனால் அதைச் செய்தவர்கள் வேறு எதற்கும் வளைந்து கொடுக்காமல், ஓரம் வரை ஒரே மாதிரி வர வேண்டும் என்பதற்காக மட்டுமே செய்ய முடிந்திருக்கிறது. பிலிமும் பெரிது, தீப்பெட்டியைவிட அகலம். நாம் கொடுக்கிற விலை எல்லாம் அந்த ஒரு கண்ணுக்குத்தான், பெட்டிக்கு ஒன்றும் இல்லை.

என் இரண்டு கேமராக்களையும் விற்றுவிட்டு, கையில் இருந்ததையும் போட்டு அதை வாங்கி வந்தேன். உன் அம்மா தையல் மெஷினை நிறுத்தாமலேயே, "ஒரே கண்ணு வெச்ச டப்பாக்கு ரெண்டு கேமராவயும் குடுத்துட்டீங்களா? சரி, ஆய்த்து, விடுங்க" என்றாள். மறுநாள் மொட்டை மாடியிலிருந்து மார்க்கெட் பக்கம் ஒரு படம் எடுத்தேன். கழுவி, காய வைத்து, பூதக்கண்ணாடியோடு ஜன்னலில் பிடித்தேன். சின்ன கடியாரம் என்கிற மணிக்கூண்டின் முள் எந்த நிமிஷத்தில் நிற்கிறது என்று படிக்க முடிந்தது. ஓரத்தில், நான் குறி வைக்காத இடத்தில், ஒரு வாழைப்பழக்காரரின் தராசுச் சங்கிலி கண்ணி கண்ணியாகத் தொங்கியது. உன் அம்மாவைக் கூப்பிட்டேன். ஊசியில் நூல் கோர்த்துப் பழகின கண் அவளுக்கு. நெடுநேரம் பார்த்தாள். "மூலையில இருக்கறவங்களும் இருக்காங்களே" என்றாள். அதற்குமேல் டப்பா என்று அவள் அதைச் சொன்னதில்லை.

நீ ஹாசனில் இன்ஜினியரிங் சேர்ந்த வருஷம், ஊருக்கு வெளியே ஒரு கல்லூரி விடுதி கட்டினார்கள். அந்தக் கான்ட்ராக்டர்தான் மாதா மாதம் எனக்கு வேலை கொடுத்துக்கொண்டிருந்தவர். மூன்றாம் தளத்துக்குக் கான்கிரீட் போட்டு முடித்த அன்று, கல்லூரிக்காரர்கள், கான்ட்ராக்டர், அவருடைய மேனேஜர் எல்லாரும் கட்டடத்துக்கு முன்னால் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். காலடியில் தேதி எழுதிய பலகை. முழுக் கட்டடமும் விழ வேண்டும் என்றதால் வெகுதூரம் பின்னால் போனேன். வெயில் நன்றாக இருந்தது. கட்டடமும் முன்வரிசையும் இரண்டுமே தெளிவாக வருகிற மாதிரி லென்ஸின் துவாரத்தைச் சுருக்கி வைத்துக்கொண்டேன். ஜன்னலில் பார்க்கும்போது மேலே சாரத்தில் எறும்பு மாதிரி ஆட்கள் நின்றது தெரிந்தது. வேலையை நிறுத்திவிட்டு, கேமராவைப் பார்த்து நின்றார்கள். நான் எடுத்தேன்.

மாதிரிப் படத்தைப் பார்த்த மேனேஜர், "மேல இருக்கறதெல்லாம் பேடா, வேணாம். சாரமும் ஆளுங்களுமா அசிங்கமா இருக்கு. வெட்டிடுங்க, நம்ம முகம் பெரிசா வரட்டும்" என்றார். முதல் மாடிக்கு மேல் வெட்டிப் பெரிதாக்கிக் கொடுத்தேன். எனக்கு அதில் ஒரு நெருடலும் ஏற்படவில்லை என்பதை எழுதி வைக்கிறேன்.

இரண்டு மாதம் கழித்து, அந்தச் சாரத்திலிருந்து ஒரு கொத்தனார் விழுந்து இறந்துபோனார். சுவரொட்டியோ பேப்பர் செய்தியோ எதுவும் இல்லை. எனக்குத் தெரிந்ததே மேனேஜர் போன் செய்தபோதுதான். "யாராவது வந்து பழைய போட்டோ கேட்டா இல்லேன்னு சொல்லிடுங்க" என்றார். ஏன் என்று கேட்டிருக்கலாம். சரி சார் என்று வைத்துவிட்டேன்.

ஒரு வாரத்தில் இறந்தவரின் மனைவி வந்தார். பெயர் ருக்குமணி. ஹனூர்ப் பக்கம், கொள்ளேகால் வந்து பஸ் மாறி வந்திருக்கிறார். முப்பது வயதுகூட இருக்காது. மாடிப்படி ஏறி வந்து வாசலிலேயே நின்றார். "ஏனுங்க, அந்தக் காலேசு கட்டடத்துல போட்டா எடுத்தது நீங்கதானுங்களா? எங்கூட்டுக்காரரு மாதையன், மேல சாரத்துல நின்னேன், நானும் போட்டாவுல இருக்கேன்னு சொன்னாருங்க. இப்ப கம்பெனியில, அவரு எங்க ஆளே இல்ல, யாரையோ பாக்க வந்தவரு ஏறி விழுந்துட்டாருங்கறாங்க. அந்தப் போட்டா இருந்தா தொழிலாளர் ஆபீசுல காட்டலாம்னு வக்கீலம்மா சொன்னாங்க" என்றார்.

அந்த நெகட்டிவ் எனக்குப் பின்னால், மூன்றடி தூரத்தில், அலமாரியில் இருந்தது. நான் சொன்னேன், "அந்த பிலிம் கெட்டுப்போச்சும்மா."

அவர் சண்டை போடவில்லை, சந்தேகப்படவும் இல்லை. "அப்போ அவரு மூஞ்சி எங்கயும் இல்லீங்களா?" என்றார். "கல்யாணத்துக்கு நாங்க போட்டா எடுக்கலீங்க. ஓட்டு அட்டைக்கு ஊர்ல எடுத்தப்போ அவரு இங்க வேலையில இருந்தாருங்க." பிறகு குடிக்கத் தண்ணீர் கேட்டார். உன் அம்மா அன்று ஸ்டூடியோவுக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்தாள். தண்ணீர் கொடுத்து, பக்கத்தில் உட்காரவைத்து, ஊர் விலாசத்தைக் கேட்டு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டாள். ருக்குமணி என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார்.

உன் அம்மா சாப்பாட்டைப் பிரித்து வைத்தாள். "பிலிம் எப்போ கெட்டுச்சு?" என்றாள். நான் சோற்றைப் பிசைய ஆரம்பித்தேன். "உங்க பிலிம் ஒண்ணு கெட்டு நான் பார்த்ததே இல்லியே" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நாலு நாள் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. எனக்கு உன் ஞாபகம் வந்தது, உன் படிப்பு முடியும்வரை அந்தக் கான்ட்ராக்டர் வேண்டும் என்று நினைத்தேன். உன்னைக் காரணம் காட்டி ஒரு பொய்யை நாலு நாள் காப்பாற்றினேன். இன்று உன்னிடம் மன்னிப்புக் கேட்பது அதற்காகத்தான். ருக்குமணியிடம் கேட்க வேண்டியதை அவரிடம் கேட்டுவிட்டேன்.

ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மண்டி மூடியிருந்தது, லாரி வராது, தரை அதிராது. ஸ்டூடியோவின் நீள அறையில் ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டினேன். படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜரின் தலையைச் சுவரை நோக்கித் திருப்பி, அந்த நெகட்டிவைப் போட்டு விளக்கை ஏற்றினேன். சுவர் முழுக்கக் கட்டடம் விரிந்தது. நெகட்டிவில் அந்த முகங்கள் ஒவ்வொன்றும் ரவையளவுதான் இருக்கும். சுவரில் ரூபாய் நாணயம் அளவுக்கு வந்திருந்தன. ஆனால் முகம் கறுப்பாகவும் தலைமுடி வெளுப்பாகவும் இருக்கிற அந்த நிலையில் ஒருவரையும் அடையாளம் சொல்ல முடியாது. மாதையன் யார் என்று எனக்குத் தெரியாது. ஆகவே எல்லாரையும் பன்னிரண்டு தாள்களில் பிரிண்ட் போட்டேன். சுவரில் தாளைக் குத்தி, ஒவ்வொரு முகத்துக்கும் நாலைந்து நிமிஷம் வெளிச்சம் காட்டி, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நின்றேன்.

டெவலப்பர் திரவம் ஊற்றிய தட்டில் முதல் தாளை அமிழ்த்தினேன். முதலில் சாரத்துக் கம்பு வந்தது. அதைப் பிடித்திருந்த கை வந்தது. பிறகு ஒரு முகம், மணல் மணலாக, அதே சமயம் சந்தேகத்துக்கு இடமில்லாத ஒரு மனித முகம். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியிருந்தது. அடுத்த தாளில் ஒருவர் தலைத்துண்டை அவிழ்த்து அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஈரக் கையால் முடியைப் படிய வைத்திருந்தார். இன்னொருவர் மட்டக்கோலைத் துப்பாக்கி மாதிரி தோளில் சாய்த்திருந்தார். ஒருவர் பல் தெரியச் சிரித்தார், பக்கத்தில் நின்றவர் அவரை முழங்கையால் இடித்துக்கொண்டிருந்தார். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, அசையாமல், நேராக நின்றவரும் உண்டு. படம் எடுக்கிறார்கள் என்று தெரிந்து, தங்களையும்தான் எடுக்கிறார்கள் என்று நம்பி, அவர்கள் தயாராகி நின்றிருக்கிறார்கள். கீழே நாற்காலியில் இருந்தவர்களுக்குக் கொடுத்த அதே கவனத்தை அந்த லென்ஸ் அவர்களுக்கும் கொடுத்திருக்கிறது. நான் பார்க்கவில்லை. என் கையில் இருந்த கண்ணாடி பார்த்திருக்கிறது.

அந்தத் தட்டின் மேல் குனிந்தபடியே நின்றேன். கோயிலில் திரை விலகும்போதுகூட நான் அப்படி நின்றதில்லை. எங்கோ ஒரு ஊரில், பெயர் தெரியாத யாரோ, கண்ணாடித் துண்டுகளைத் தேய்த்துத் தேய்த்து அந்த அளவுக்குக் கொண்டுவந்திருக்கிறார். அது கடல் தாண்டி வந்து, பாறைகளைப் பார்த்துவிட்டு, என் கைக்கு வந்து, ஒரு கொத்தனாரின் முகத்தைப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறது. நான் அதை வெட்டிப் போட்டேன், பிறகு இல்லை என்றும் சொன்னேன். ஈரத் தாள்களைக் கொடியில் மாட்டிவிட்டு உன் அம்மாவைக் கூப்பிட்டேன். அவள் வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனாள். கடைசிப் படத்தில் நின்று, "நாளைக்கு மொதல் பஸ்ஸுக்குப் போங்க" என்றாள்.

போனேன். ஹனூரில் இறங்கி, ஒரு டிராக்டரில் தொற்றிக்கொண்டு, விலாசத்தை விசாரித்துப் போய்ச் சேர்ந்தேன். ருக்குமணி மக்காச்சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். "பிலிம் கெடலம்மா. நான் பொய் சொன்னேன். தப்பு என் மேல" என்றேன். அவர் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நீட்டினார். பன்னிரண்டு படங்களையும் கொடுத்தேன். ஒவ்வொன்றாக அடியில் சொருகிக்கொண்டே வந்தார். எட்டாவதில் கை நின்றது. கழுத்துவரை பொத்தான் போட்டவர். கழுத்துக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒரு தேமல். அன்று பிரிண்டில் அதை நான் அழுக்கு என்று நினைத்தேன். ருக்குமணி மற்றதையெல்லாம் என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, அதன் மேல் விரலை வைத்தார். "சோத்தாங்கைப் பக்கம் தோளு எறங்கித்தானுங்க நிப்பாரு. சாந்துச் சட்டி சொமந்து சொமந்து" என்றார். பிறகு, "இத்தனாம் பெருசு எடத்துல எப்படிங்க இவர எடுத்தீங்க?" என்று கேட்டார். நான் எடுக்கவில்லை என்று சொல்ல வாய்வரை வந்தது. அது அவருக்குப் புரியாது என்று அடக்கிக்கொண்டேன்.

தொழிலாளர் ஆபீசில் கம்பெனியின் வக்கீல், இந்த முகத்தை எங்கிருந்து வேண்டுமானாலும் கொண்டுவந்து ஒட்டியிருக்கலாம் என்றார். அதிகாரி நெகட்டிவ் இருக்கிறதா என்று கேட்டார். வெட்டாத அந்தப் பிலிம் துண்டை ஜன்னல் கண்ணாடியில் பிடித்துக்கொண்டு பூதக்கண்ணாடியைக் கொடுத்தேன். அவர் முதலில் தேதிப் பலகையைப் படித்தார். பிறகு முன்வரிசை. பிறகு மேலே மேலே போய், சாரத்தில் நின்றுவிட்டார். திரும்பி மேனேஜரைப் பார்த்து, முன்வரிசையில் இடமிருந்து மூன்றாவதாக உட்கார்ந்திருப்பது நீங்கள்தானே என்று கன்னடத்தில் கேட்டார். மேனேஜர் "ஹௌது" என்று ஒப்புக்கொண்டார். ஒரே துண்டில் இருவரும் இருந்தார்கள். அதற்குப் பிறகு அவர்களால் மாதையனை வழிப்போக்கன் என்று சொல்ல முடியவில்லை. நஷ்டஈடு கொடுக்கும்படி உத்தரவானது. வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது, ஆனால் வந்தது.

கான்ட்ராக்டர் அதோடு என்னைக் கூப்பிடுவதை நிறுத்தினார், அவரைப் பார்த்து வேறு இரண்டு பேரும் நிறுத்தினார்கள். அந்த இரண்டு வருஷம் நாம் பாஸ்போர்ட் போட்டோவிலும் உன் அம்மாவின் தையலிலும்தான் ஓட்டினோம். நீ லீவுக்கு வந்தபோது ஸ்டூடியோ ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்டாய், சீசன் இல்லை என்றேன். அதுவும் பொய்தான், ஆனால் அதற்காக எனக்கு வருத்தமில்லை. உனக்கு நான் சொல்ல நினைப்பது கொஞ்சம்தான். சைட்டில் சாரத்தைக் கட்டியதும் முதலில் நீ ஏறிப் பார். வேலையாட்களின் வருகையைப் பதிகிற மஸ்டர் ரோலில் ஒரு பெயர்கூட விடுபடாமல் நீயே எழுது. யாராவது உன்னிடம், இதை இல்லையென்று சொல்லிவிடு என்றால், ஏன் என்று கேள். நான் கேட்காமல் விட்டது அந்த ஒரு வார்த்தையைத்தான்.

பணம் வந்த பிறகு ருக்குமணி ஒருநாள் ஸ்டூடியோவுக்கு வந்தார். ஒரு பை நிறைய அவரைக்காய் கொண்டுவந்திருந்தார். உன் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்துவிட்டு, கிளம்பும்போது, "மத்தவங்க படமெல்லாம் வெச்சிருக்கீங்களா?" என்றார். எடுத்துக் கொடுத்தேன். "இவங்க ஊட்லயும் போட்டா இருக்காதுங்க. நான் கொண்டுபோய்க் குடுத்தர்றேன்" என்று ஒவ்வொருவராகப் பெயரும் ஊரும் சொன்னார். சிரித்தவர் முருகேசன், இடித்தவர் அவர் மச்சான் பசுவண்ணா, மட்டக்கோல்காரர் பெரிய மேஸ்திரி. நான் பென்சிலால் படங்களின் பின்பக்கம் எழுதிக்கொண்டே வந்தேன். ஒரே ஒருவரை மட்டும் அவருக்குத் தெரியவில்லை. ஈரக் கையால் தலை வாரிக்கொண்டு நின்றவர். ஊருக்குப் போய் எல்லாரிடமும் காட்டி விசாரித்திருக்கிறார். எங்கிருந்தோ வந்து இரண்டு நாள் வேலை பார்த்துவிட்டுப் போன ஆள் என்று மட்டும் சொன்னார்களாம். பின்பக்கம் எழுதாத படம் அது ஒன்றுதான். அதில் ஒரு பிரதி போட்டு இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். நீ போகிற சைட்டுகளில் காட்டிப் பார். யாராவது பெயர் சொன்னால் எனக்கு எழுது.

அப்பா